பாக்கியம் செத்துக்கிடந்த பிற்பகல்

நம் உதவி நிலையத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தவள் நான்தான். ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் வந்துவிடுவேன். வடை நன்றாக இருக்கும் என்று தெரிந்தால் கூப்பிடாமலும் வருவேன். கொழும்பிலிருந்து வந்த விரிவுரையாளர் திரையில் படம் போட்டு, சில நாடுகள் தங்கள் பாதுகாப்புக்காக வேறு நாடுகளில் ஆயுதக் குழுக்களை வளர்க்கும் விதத்தை விளக்கினார். காசும் ஆயுதமும் ஒரு நாட்டுடையது, சாகிற பிள்ளைகள் இன்னொரு நாட்டுப் பிள்ளைகள். சண்டை தன் எல்லைக்கு வந்துவிடாமல் தூரத்திலேயே நிறுத்தி வைக்க இது ஓர் உத்தி என்றார். நீங்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தாமல் எழுதினீர்கள். இடைவேளையில் உங்களில் ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "மிஸ், பதுளையில உக்காந்து லயத்துப் பொம்பளைங்களுக்கு உதவி செய்யிற நமக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்டாள். வாயில் வடை இருந்ததால் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

ஊவா தேயிலைத் தோட்டங்களிலிருந்து வீட்டு வேலைக்கு வெளிநாடு போன பெண்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால், அவர்களுடைய குடும்பம் வந்து அழுகிற இடம் நம்முடைய மேசை. அந்தப் பெண்கள் வேலை செய்கிற வீடுகள் அந்தரத்தில் தொங்கவில்லை. அவை ஒரு நாட்டில் இருக்கின்றன, ஒரு கிராமத்தில் இருக்கின்றன, சில நேரம் ஒரு சண்டைக்கு நடுவில் இருக்கின்றன. அது யாருடைய சண்டை, யார் யாருக்காகச் சண்டை போடுகிறார்கள் என்பது தெரியாமல் நாம் ஒரு போன் கோல் எடுத்தால்கூட அங்கே ஒருத்தியின் தலை போகலாம்.

அந்த உத்தி நம் ஆட்களுக்கு விளங்காத விஷயமும் இல்லை. எங்கள் தோட்டத்தை நிர்வாகம் பண்ணிய துரை யாரையும் கைநீட்டி அடித்ததாக நான் கேள்விப்பட்டதே கிடையாது. அடித்தது எல்லாம் அவருக்குக் கீழே வேலை வாங்கிய கங்காணி. ஆகவே திட்டு முழுக்கக் கங்காணிக்கு, கும்பிடு முழுக்கத் துரைக்கு. இப்போது கொழும்பில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி இருக்கிறது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் சப் ஏஜென்ட் நிற்கிறான். பிரச்சினை வந்தால் "அந்த ஆள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது" என்கிறது ஏஜென்சி. நாடுகள் இதே பினாமி வேலையை ஏவுகணை வைத்துச் செய்கின்றன. ஒரு நாடு மட்டும் செய்கிற காரியம் என்றும் நினைக்காதீர்கள். நம் தீவுக்குள்ளும் அடுத்தவர் கொடுத்த துப்பாக்கி வந்துதான் இருக்கிறது. அதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும், உங்களுக்குத் தூக்கம் வரும். பாக்கியத்தின் கதைக்கு வருகிறேன்.

பாக்கியம் லுணுகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் இல்லை. மகன் சுதாகர் லுணுகலை டவுனில் ஆட்டோ ஓட்டுகிறான். மகள் யோகராணி, வீட்டில் யோகா, லெபனானுக்கு வேலைக்குப் போயிருந்தாள். தெற்கே, எல்லையை ஒட்டிய ஒரு மலைக் கிராமம். தேயிலைக்குப் பதிலாகப் புகையிலை என்பதைத் தவிர எல்லாம் நம்ம ஊர் மாதிரித்தான் என்று சொல்லுவாள். வீட்டில் இரண்டே பேர். "மேடம்" என்று அவள் கூப்பிட்ட வயதான விதவை ஒருவர், அவருடைய ஒரே மகன். மேடத்துக்கு முழங்கால் வலி. யோகா இங்கிருந்து கொண்டுபோன தைலத்தைத் தேய்த்துவிடுவாள். மேடம் அவளுக்குத் தன் பக்கத்திலேயே தட்டு வைத்துச் சாப்பாடு போடுவார். நம் மேசைக்கு வருகிற கதைகளில் இப்படி ஒரு வீடு அபூர்வம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும்.

அந்த மகன் அந்தப் பகுதியின் ஆயுத இயக்கத்தில் இருந்தான். தூரத்து நாடொன்று தன் பாதுகாப்புக்காக வளர்த்துவிட்ட இயக்கம். வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை இருந்தது. அதற்குள் என்ன இருந்தது என்று யோகா பார்த்ததில்லை. யார் யார் வந்து போனார்கள் என்று மட்டும் அவளுக்குத் தெரியும். அவர்களுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்ததே அவள்தானே.

யுத்தம் வந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த விமானங்கள் குண்டு போட்டன. கிராமம் காலியாகிவிட்டது. மகன் போகமாட்டேன் என்றான். மகனை விட்டுவிட்டு நான் போகமாட்டேன் என்றார் மேடம். யோகாவை அனுப்பவும் மகன் சம்மதிக்கவில்லை. அவனை வில்லன் என்று எழுதிவைத்துவிடாதீர்கள். அங்கே அப்போது எல்லோருக்கும் எல்லோர் மேலும் சந்தேகம். யார் வந்து போனார்கள் என்று தெரிந்த ஒரு வெளிநாட்டுப் பெண் வெளியே போய் யாரிடம் என்ன சொல்லிவிடுவாளோ என்று அவனுக்கு மேலே இருந்தவர்கள் பயந்தார்கள். பாஸ்போட் அவன் கையில் இருந்தது.

ஒரு நாள் காலையில் சுதாகர் தாயையும் கூட்டிக்கொண்டு நம் நிலையத்துக்கு வந்தான். பாக்கியம் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவன் உட்காராமல் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். யோகா சமையலறை ஜன்னல் வழியாக எடுத்து அனுப்பிய வீடியோ. முற்றத்தில் தார்ப்பாய் போட்ட லொறி. இரண்டு பேர் நிலவறைக் கதவைத் திறந்து எதையோ இறக்குகிறார்கள். பின்னால் யோகாவின் குரல் மட்டும் கேட்கிறது: "அண்ணே, எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இத எல்லாருக்கும் காட்டு."

"மிஸ், இத இப்பவே பேஸ்புக்ல போடப் போறேன். ஒரு சேனல்காரங்களும் கேட்டுட்டாங்க. நாடு பூரா பாத்தா கவர்மெண்ட்டு சும்மா இருக்குமா?"

நம் நிலையத்தில் அப்போது வேலை செய்த இளம் பிள்ளைகள் எல்லோரும் அவன் பக்கம். ஒருத்தி தன் போனை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டாள். வாயில்லாதவர்களுக்குக் குரல் கொடுப்பதுதான் நம் தொழில் என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். அதனால் அவளைத் திட்டவும் முடியவில்லை.

"சுதாகர், உக்காரு. இத யார் யாருக்கு அனுப்பியிருக்கே?"

"இன்னும் யாருக்கும் இல்ல."

"அழிச்சிரு."

"என்ன மிஸ் சொல்றீங்க?"

"இந்த வீடியோவ அந்தப் பையனோட ஆளுங்க பாத்தா யோகாவை உளவு பாக்க வந்தவன்னு சொல்லுவாங்க. குண்டு போடுறவங்க பாத்தா, நிலவறை எங்க இருக்குன்னு நாமளே காட்டிக் கொடுத்ததாப் போகும். குண்டு விழுறப்ப சமையலறையில யாரு நிப்பா?"

அவன் மேசையை ஓங்கித் தட்டினான். "உங்களுக்குப் பயம் மிஸ்! எங்க வீட்டுப் புள்ளதானே, உங்க புள்ளையா?" என்று கத்தினான். எனக்குச் சுருக்கென்றது. என் குரலும் ஏறியது. "என் பிள்ளையாக இருந்தாலும் இதையேதான் சொல்லுவேன், போனைக் கொடுடா" என்றேன். கொடுத்துவிட்டான். அவன் கண் முன்னாலேயே அழித்தேன். யோகாவிடமும் அழிக்கச் சொல்லி, ஒரு ஊர்க்கதை பேசுகிற மாதிரி பூசி மெழுகித் தகவல் அனுப்ப வைத்தேன். அவன் ஆட்டோவில் போய் உட்கார்ந்து அழுதான். நான் கழிவறைக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். குரல் கொடுக்கிற துணிச்சல் உங்களிடம் தாராளமாக இருக்கிறது பிள்ளைகளே. யார் காதில் விழும் என்று யோசித்துவிட்டுக் கொடுங்கள்.

வாயை அடைத்தாயிற்று, இனி வழி என்ன? லெபனானில் உள்ள நம் தூதரகத்தில் நல்ல மனிதர்கள் இருந்தார்கள். எப்படியாவது பெய்ரூட் வந்து சேர்ந்துவிட்டால் தாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அந்தக் கிராமத்துக்குப் போய் ஒருத்தியைக் கூட்டி வர அவர்களால் முடியாது. ஆக, அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டுவது மட்டும்தான் மிச்சம். அதற்கு எங்களில் யாருக்கும் வழி தெரியவில்லை.

அதுவரை பெஞ்சில் வாய் திறக்காமல் இருந்த பாக்கியம் அப்போதுதான் பேசினாள்.

"மிஸ், நான் செத்துட்டேன்னு சொல்லிருங்களேன்."

சுதாகர் உள்ளே வந்தவன், "அம்மா, வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு" என்றான்.

"நீ சும்மா இருடா. யோகா சொல்லியிருக்கு. அந்தப் பையன் ஒலகத்துல யாருக்கும் பயப்பட மாட்டானாம், பெத்தவளத் தவிர. அந்த அம்மாவோட அம்மா செத்தப்ப ஏதோ சண்டையாம், ரோடு மூடிட்டாங்களாம், மொகத்தப் பாக்க முடியலயாம். இன்னிக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுவாங்களாம். நான் செத்துட்டேன்னா, அந்த அம்மா எம்புள்ளய அனுப்பிரும்."

நம் தொழிலில் இது பழைய பொய். மாதத்துக்கு ஒரு அம்மாவாவது செத்துப்போவாள். ஏஜென்சிக்காரர்களுக்கு அலுத்துப்போன பொய். பிடிபட்டால் அந்தப் பெண்ணின் பாடு முன்னைவிட மோசம் என்று நான் எத்தனையோ குடும்பங்களைத் தடுத்திருக்கிறேன். அன்றைக்கும் தடுக்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் மற்றவர்கள் சொல்கிறபோது அது பொதுவான ஒரு பொய். பாக்கியம் சொன்னது அந்த ஒரு வீட்டுக்கு, அந்த ஒரு மனுஷிக்கு, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு பொய்யை நம்பி இறங்கலாமா என்று கேட்டால், அந்த வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன்.

"யோகாவுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிடலாமா?" என்று கேட்டேன்.

பாக்கியம் மறுத்துத் தலையை ஆட்டினாள். "அதுக்குப் பொய் மொகம் வராது மிஸ். சின்னதுல சீனி தின்னுட்டு வாயத் தொடச்சிக்கிட்டு வரும், மொகத்தப் பாத்தாலே தெரிஞ்சிரும். நம்பட்டும். அழட்டும். வந்தப்பொறவு நான் பாத்துக்கிறேன்."

சுதாகர் போன் பண்ணி, தாய் செத்துவிட்டாள் என்று தங்கையிடம் சொன்னான். அவன் அழுததில் நடிப்பு எவ்வளவு, நிஜம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பயந்தபடியே நடந்தது. மகன் நம்பவில்லை. எல்லா வேலைக்காரிகளுக்கும் யுத்தம் வந்தவுடன் அம்மா செத்துப்போகிறாள், பிணத்தைக் காட்டு என்றான். மறுநாள் பிற்பகல் வீடியோ கோல் என்று முடிவானது.

பதுளை பஜாரில் புடவைக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர், நானா என்றுதான் கூப்பிடுவோம், நமக்கு எப்போதும் அரபு மொழிபெயர்த்துத் தருவார். வாலிபத்தில் லெபனானில் வேலை செய்தவர். அவரிடம் போய்ச் சொன்னபோது தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"மிஸ், மௌத்தாகாம உசிரோட இருக்கிற ஒரு ஆள மௌத்துன்னு என்ட வாயால நான் சொல்ல மாட்டன். அவங்க என்ன பேசுறாங்கன்னு கேட்டு உங்களுக்குச் சொல்றன். அதுக்கு மேல என்னக் கேக்காதீங்க."

அது போதும் என்றேன். மறுநாள் தன் கடை வேனிலேயே எங்களை லுணுகலைக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

லயத்தில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு காம்பிராவில் இருமினால் அடுத்த காம்பிராவில் மருந்து கேட்பார்கள். ஆகவே லயம் முழுவதற்கும் சொல்லிவிட்டோம், வெளியே மூச்சு விடக்கூடாது என்று கோயில் முன்னால் சத்தியம் வாங்கினான் சுதாகர். தோட்டத்து மரண உதவிச் சங்கத்திலிருந்து வெள்ளைத் துணியும் குத்துவிளக்கும் கேட்டோம். சாகாதவர்களுக்குச் சாமான் கொடுக்கச் சங்கத்தில் விதி இல்லையே என்று அதன் செயலாளர் நிஜமாகவே கவலைப்பட்டார். பிறகு அவரே தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

பாக்கியம் குளித்து, நல்ல சேலை கட்டி, தலையை ஈரத்தோடு முடிந்துகொண்டு வந்து பாயில் படுத்தாள். நாடிக்கட்டுக் கட்டினார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். தலைமாட்டில் விளக்கு. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி பயத்தை மறைக்க, "ஏங்க்கா, குழி வெட்ட எத்தன பேருக்குப் பேர் போடுவாங்களாம்?" என்று கேட்டாள். குழி வெட்டப் போகிறவர்களுக்குத் தோட்டத்தில் ஒரு நாள் வேலை செய்ததாகப் பதிந்துகொள்வார்கள், அதைத்தான் பேர் போடுவது என்பார்கள். பிணம் கட்டிய வாயோடு பதில் சொன்னது: "ஆழமா வெட்டச் சொல்லுடி. மேலாப்புல சொரண்டிப்புட்டு பேர் வாங்கிருவானுங்க." எல்லோரும் சிரித்துவிட்டோம். நானாகூட வாசலில் நின்று சிரித்தார்.

போன் அடித்தது. சிரிப்பு நின்றது.

சுதாகர் போனைத் தாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன். திரையில் யோகா. அவளுக்கு இடப்பக்கம் அந்த மகன், தாடியும் தூக்கமில்லாத கண்ணுமாக, நம் சுதாகர் வயதுதான் இருக்கும். வலப்பக்கம் மேடம், தலையில் கறுப்புத் துணி. யோகா தாயின் முகத்தையே பார்த்தாள். பிறகு நெஞ்சில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள்.

"கொழுந்தெடுத்த கையால கஞ்சி தந்த எந்தாயே,
கடைசி வாய் தண்ணி தர கடல் குறுக்கே நிக்குதம்மா!
மலையேறிப் போனவளே, மழைக்கு முன்ன வருவியே,
மக இன்னும் வரலேன்னு பாத்திருக்க மாட்டியா!"

பொய்யாக அழ வேண்டும் என்று சொல்லி உட்கார வைத்த லயத்துப் பெண்கள் முதல் அடியிலேயே நிஜமாக அழ ஆரம்பித்துவிட்டார்கள். பாக்கியத்தைப் பார்த்தேன். அசையாமல் கிடந்தாள். மூச்சுகூட வெளியே தெரியவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு தாய், தனக்காகத் தன் பிள்ளை அழுகிற அழுகையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வாய் திறந்து "நான் இருக்கேன் சாமி" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் கிடந்தாள். அதைவிடக் கொடுமையான ஒரு வேலையை நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

அப்போதுதான் அது நடந்தது. மூடிய கண்ணின் ஓரத்தில் தண்ணீர் திரண்டு, காது பக்கமாக வழிந்தது. போன் அந்த முகத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. சுதாகர் கண்ணை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். திரையில் அந்த மகன் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு முன்னால் குனிவதையும் பார்த்தேன். சட்டென்று ஒரு கை வந்து திரையை மறைத்தது. மேடத்தின் கை. எல்லாம் கறுப்பாகிவிட்டது. கறுப்புக்குள்ளிருந்து மேடத்தின் கத்தல், மகனின் கத்தல். பிறகு கோல் அறுந்துவிட்டது.

நானா வியர்த்துப்போய் நின்றார். "போதும், மௌத்தான முகத்த இப்பிடி உத்துப் பாக்கிறது பாவம்னு அந்தத் தாய் கத்துறாங்க மிஸ். நில்லு, இன்னொருக்காப் பாக்கணும்னு மகன் சொல்றான். அதோட கட் ஆகிட்டு."

பாக்கியம் எழுந்து உட்கார்ந்தாள். நாடிக்கட்டை அவிழ்த்துக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அது சாப்புட்டுச்சா மிஸ்? கொரலு எளச்சுக் கெடக்கு."

பிறகு மெதுவாக, "கண்ணுல தண்ணி வந்துருச்சு. தெரிஞ்சிருக்குமா?" என்றாள்.

"இல்ல, ஒண்ணும் தெரியல" என்றேன். என்னால் வேறு எதுவும் சொல்ல முடியவில்லை. அவனுக்குத் தெரிந்திருந்தால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து அந்தப் பெண்ணைக் குழியில் தள்ளிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டே பதுளைக்குத் திரும்பினேன். நம் தொழிலில் சரியான முடிவு எடுத்தோம் என்று அந்த நேரத்தில் யாரும் வந்து முதுகில் தட்டிச் சொல்ல மாட்டார்கள். காத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

காத்திருந்தோம். கடைசியில் தூதரகத்திலிருந்து போன் வந்தது. கையில் பாஸ்போட்டுடன், மேடத்தின் சொந்தக்காரர் ஒருவருடைய மரக்கறி லொறியில் யோகா பெய்ரூட் வந்து சேர்ந்துவிட்டாள். நிலையத்தில் எல்லோரும் கத்தினார்கள். பாக்கியத்துக்கு நானே போன் பண்ணினேன். "அப்ப இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கும், இல்லீங்களா மிஸ்?" என்றாள்.

உண்மையைச் சொல்லிவிட எல்லோருக்கும் வாய் துடித்தது. நான் விடவில்லை. சந்தோஷத்தில் அவள் மேடத்துக்குச் சொல்லிவிடுவாள், பக்கத்தில் அந்த மகன் இருப்பான், விமானம் ஏறும்வரை அவன் கை நீளும் என்று பயந்தேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் கால் வைக்கும்வரை அவளுக்குத் தாய் செத்தவள்தான் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அது சுலபமாக இருந்தது என்று நினைக்காதீர்கள்.

கூட்டி வர நானாவின் வேனில் நானும் சுதாகரும் புறப்பட்டோம். பாக்கியம் வரவேண்டாம், திடீரென்று பார்த்தால் பிள்ளை மயங்கி விழும் என்றேன். அவள் அதற்குள் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். "எழவு வீட்டுக்கு வர்றதா நெனச்சுக்கிட்டு வருது மிஸ். பதுள வரைக்கும் அழுதுக்கிட்டு வரணுமா? நானே போயி எழுப்புறேன் அத."

யோகா தலைவிரிகோலமாக, மேடம் கொடுத்த கறுப்பு உடுப்போடு வெளியே வந்தாள். அண்ணனைப் பார்த்து ஓடிவந்தவள், அவன் பின்னால் நின்ற தாயைப் பார்த்து நின்றுவிட்டாள். மயங்கவில்லை. பையைக் கீழே போட்டாள். நேரே வந்து பாக்கியத்தின் தோளில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். "செத்தவ எதுக்குடி வந்த? செத்தவ எதுக்குடி இங்க வந்த?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். தாயை வாடி போடி என்று அவள் பேசியதே இல்லையாம். பாக்கியம் அடியை எல்லாம் வாங்கிக்கொண்டு, "அடி சாமி, நல்லா அடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பொலிஸ்காரர் ஒருவர் விலக்க வந்தார், நானா அவரைத் தடுத்து நிறுத்தினார்.

திரும்பும் வழியில் ஹல்துமுல்லையில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேன் நின்றது. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன் என்று மேடத்துக்கு யோகா செய்தி அனுப்பியிருந்தாள். தாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடியே அதைப் போட்டாள். அவளுக்கு அரபு நன்றாகத் தெரியும், கேட்டுக்கொண்டே எங்களுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். மிச்சத்தை நானா சொன்னார்.

"மகள், உன்ட உம்மாட கண்ணுல இருந்து தண்ணி வந்தத நான் கண்டேன். என்ட மகனும் கண்டுட்டானோன்னு பயந்துதான் கையால மறைச்சேன். பிள்ளைக்காக மௌத்தாப் படுக்கிற ஒரு உம்மா உனக்கு இருக்கிறா. நான் மௌத்தானா என்ட பிள்ளை அந்தக் குழியில இருந்து வெளிய வருவான்னா, நான் எப்பவோ படுத்திருப்பேன். யாரோ ஒரு நாட்டுக்குக் காவலா அவன் அங்க இருக்கான். அந்த நாட்டுக்கு அவன்ட பேர்கூடத் தெரியாது. நான் அவனோட இருக்கேன். உன்ட உம்மாவுக்கு என்ட சலாம் சொல்லு."

பாக்கியத்துக்குச் சலாம் என்றால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை. நானாவிடம் கேட்டாள். அவர் சொல்லிக் கொடுத்தார். அதை ஒழுங்காகச் சொல்ல வராமல், போனைப் பார்த்துக் கைகூப்பினாள்.

விரிவுரையாளர் படம் போட்டுக் காட்டிய உத்தி எதற்கு நமக்கு என்று கேட்ட மகளே, இதற்குத்தான். ஒரு பெரிய நாடு தன் பிள்ளைகள் சாகாமல் இருக்க அடுத்தவள் பிள்ளையை முன்னால் நிறுத்துகிறது. அந்தப் பிள்ளையின் தாயும் அதே வீட்டில்தான் இருக்கிறாள், நம் பெண்ணும் அதே வீட்டில்தான் கோப்பி போடுகிறாள். அது தெரியாமல் அந்த மேடத்தை நாம் எதிரி என்று எழுதிவைத்திருப்போம். யோகாவைக் காப்பாற்றியது நாம் என்று இன்றைக்கும் பெருமை அடித்துக்கொண்டிருப்போம்.

இவ்வளவோடு முடித்துவிட ஆசைதான். யோகா வந்த பிறகு அந்தக் கிராமத்தின் மேல் மறுபடி குண்டு விழுந்தது. மேடத்தின் போன் அடிக்கவில்லை. அனுப்பிய செய்திகள் போய்ச் சேரவில்லை. சுதாகர் தேடி எடுத்த படங்களில் எந்த வீடு எது என்று யோகாவுக்கே அடையாளம் தெரியவில்லை. லொறிக்காரச் சொந்தக்காரருக்கும் தகவல் இல்லை. தெரிந்த வழிகளில் எல்லாம் நான் விசாரித்தேன். உயிரோடு இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை.

நான் பார்க்கப் போனபோது யோகா காம்பிரா மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குண்டு விழுந்த செய்தி வந்ததிலிருந்து அப்படித்தானாம். சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, அழுவதும் இல்லை. போனை மட்டும் எடுத்து எடுத்துப் பார்க்கிறாளாம். நான் ஆறுதலாக என்னென்னவோ சொன்னேன். இந்த மேசையில் இருந்து பழகிய வார்த்தைகள் எல்லாம் வந்தன. ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

பாக்கியம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அழுடி. வாய் விட்டு அழு."

யோகா நிமிர்ந்தாள். "உசுரோட இருக்கிறவங்களுக்கு எப்படிம்மா ஒப்பாரி வைக்கிறது?"

"என்னைய வெச்சு அழுதியே. எனக்கு என்ன ஆச்சு? எந்திரிச்சு ஒக்காரலயா? கட்டுநாயக்க வரைக்கும் வரலயா? அந்த அம்மாவையும் எழுப்பு. அழு."

யோகா தாழ்ந்த குரலில், பக்கத்தில் தட்டு வைத்துச் சோறு போட்டவளே என்று ஆரம்பித்தாள். அடுத்த அடியில் குரல் உடைந்தது. பாக்கியம் அவள் தோளைக் கட்டிக்கொண்டு தானும் சேர்ந்துகொண்டாள். பக்கத்துக் காம்பிராக்களிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். யார் செத்தது என்று யாரும் கேட்கவில்லை.

நானும் அவர்களோடு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு தடவை யோகா மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"நிறுத்தாதடி," என்றாள் பாக்கியம். "இன்னும் சத்தமா அழு. அங்க வரைக்கும் கேக்கணும்."